பெயர் எழுதாத இரும்பு

மார்ச் 3, திங்கள்

பில்டரின் ஆட்கள் கொல்லையில் குழி வெட்டத் தொடங்கிவிட்டார்கள். மண் பரிசோதனையாம். நாலு மாடியைத் தாங்குவாயா என்று மண்ணிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டுமாம். மனிதர்களிடம் ஏற்கெனவே கேட்டாகிவிட்டது. பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டலாமா என்று பில்டர் என்னிடம் கேட்டார், சரி என்றேன். மகனிடம் கேட்டார், அவன் எனக்கு முன்னாலேயே சரி என்றிருந்தான். வீடு இருப்பது என் மனைவி பெயரில். அவளிடம் கேட்டபோது, "லிஃப்ட் இருந்தா நல்லதுதான்" என்றாள். வேறென்ன வேண்டும்? அடுத்த வாரம் பத்திரத்தில் கையெழுத்து.

பில்டர் கெட்டிக்காரர். போகும்போது என் கையில் ஒரு பொட்டலம் கொடுத்தார். பிரித்தால் பித்தளைப் பெயர்ப் பலகை. என் பெயர், கீழே 'மூன்றாம் தளம்'. கட்டடத்துக்கு இன்னும் அஸ்திவாரமே இல்லை, அதற்குள் கதவுக்குப் பலகை வந்துவிட்டது. சிரித்துக்கொண்டேதான் வாங்கினேன். ஆனால் பீரோவில் வைப்பதற்கு முன் துணியால் இரண்டு தடவை துடைத்தேன்.

மாமனார் கட்டிய வீடு இது. அவர் போய் எவ்வளவோ காலம் ஆகிறது. தபால்காரருக்கு நான் இன்னும் 'பெரியவர் வீட்டு மாப்பிள்ளை'தான். வேலையில் இருந்தவரை 'சர்வேயர் சார்' என்று ஒரு பெயராவது இருந்தது. ஓய்வு பெற்ற பிறகு வெறும் வீட்டோட மாப்பிள்ளை.

மார்ச் 4, செவ்வாய்

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை. மேற்கு மூலைக் குழியில் மண்வெட்டி எதிலோ இடித்து நங்கென்றது. ஆட்கள் புதையல் என்று துள்ளினார்கள். மேஸ்திரி இறங்கிப் பார்த்துவிட்டு, "புதையல் இல்லப்பா, புண்ணாக்கு. துருப்பிடிச்ச குப்பை" என்றார்.

அந்த மூலையில்தான் மாமனாரின் மாட்டுக் கொட்டகை இருந்தது. அந்தக் காலத்தில் சுற்றிலும் வயல். ஊர் நகர்ந்து நகர்ந்து வந்து வயலைத் தின்றுவிட்டு, வீட்டையும் கொல்லையையும் மட்டும் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்திருக்கிறது. இப்போது பில்டர் வந்திருக்கிறார், மிச்சத்தைச் சாப்பிட.

இவள் எல்லாவற்றையும் ஒரு சாக்கில் அள்ளிக்கொண்டு போய்க் குழாயடியில் தேய்த்துக் கழுவினாள். பழைய செய்தித்தாளை விரித்து வரிசையாகப் பரப்பினாள். நான் என் தொழில் கண்ணால் ஒரு பார்வை பார்த்தேன். முப்பத்து நாலு வருஷம் இன்சூரன்ஸ் சர்வேயர். எரிந்தது, நனைந்தது, நசுங்கியது எதைக் காட்டினாலும் நின்ற இடத்தில் மதிப்புச் சொல்வேன். இதற்கும் சொன்னேன்: காயலான் கடை, எடை போட்டால் ஒரு டீக்குத் தேறும்.

"டீ நான் போட்டுத் தர்றேன். இது இங்கயே இருக்கட்டும்" என்றாள்.

மார்ச் 5, புதன்

பில்டர் பத்திரத்தின் நகலோடு வந்தார். இவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் படித்தாள். பிறகு மடித்து வைத்துவிட்டுச் சொன்னாள்: "அந்தச் சாமான் எல்லாம் என்னென்னன்னு தெரியட்டும். கையெழுத்துப் போட்டுடறேன்."

பில்டர் என்னைப் பார்த்தார். நான் இவளைப் பார்த்தேன். "எதுக்கு? அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"நீங்கதானே சொல்வீங்க, பேர் எழுதாம ஃபைலை மூடக் கூடாதுன்னு."

நுணலும் தன் வாயால் கெடும். அந்த விதி என்னுடையதுதான். ஒரு துணிக் கிடங்கு தீப்பிடித்த வழக்கு. எரிந்தது எல்லாவற்றையும் எழுதி முடித்தாகிவிட்டது. மூலையில் உருகிப்போய்க் கிடந்த ஒரு கட்டி மட்டும் என்னவென்று யாருக்கும் தெரியவில்லை. நான் ஃபைலை மூட மறுத்தேன். மேலதிகாரி கத்தினார், கிடங்கு முதலாளி கண்ணீர் விட்டார். கடைசியில் அது மண்ணெண்ணெய் அடுப்பு என்று தெரிந்தது. துணிக் கிடங்கில் அடுப்பு வைத்துச் சமைத்தவன் யார் என்று கேட்டதும் முதலாளியின் கண்ணீர் நின்றுவிட்டது. இந்தக் கதையை வீட்டுக்கு வந்த எந்த விருந்தாளியும் கேட்காமல் தப்பியதில்லை. இவள் எத்தனை முறை கேட்டிருப்பாள்! கேட்டுக்கொண்டே காய் நறுக்கிக்கொண்டிருப்பாள். காதில் வாங்கவில்லை என்றல்லவா நினைத்தேன்.

பில்டரிடம், "நாலு நாள் வேலை. நான் பாத்துக்கறேன்" என்றேன்.

மார்ச் 6, வியாழன்

வேலை ஆரம்பம். அளவு நாடா, பூதக்கண்ணாடி, பழைய பல் துலக்கும் பிரஷ். ஓய்வு பெற்ற பிறகு இன்றுதான் சட்டைப் பையில் பேனா குத்தினேன்.

முதல் பொருள்: பிறை வடிவத் தகடு, ஓரத்தில் ஆணி ஓட்டைகள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. "குதிரை லாடம். பாதி உடைஞ்சு போயிருக்கு" என்றேன்.

இவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "எங்க வீட்ல ஏதுங்க குதிரை? அது மாட்டு லாடம். முழுசுதான். மாட்டுக்குக் குளம்பு ரெண்டா பிளந்திருக்கும்ல? அதனால ஒரு காலுக்கு ரெண்டு துண்டு."

குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்ததாம். 'மாட்டு லாடம், ஒரு துண்டு, முழுமையானது' என்று திருத்தி எழுதினேன்.

மார்ச் 9, ஞாயிறு

நான்கு நாளில் ஏறக்குறைய முடித்துவிட்டேன். முடித்துவிட்டோம் என்று எழுதுவதுதான் நியாயம். கூர் தேய்ந்த முக்கோண இரும்பை நான் ஈட்டி முனை என்று எழுதியிருந்தேன். கலப்பைக் கொழு என்றாள். தடித்த ஆணியை நான் கதவு ஆணி என்றேன். வண்டிச் சக்கரம் கழன்று ஓடாமல் இருக்க அச்சில் செருகும் கடையாணி என்றாள். ஓட்டை விழுந்த தகரக் கழுத்து, அரிக்கேன் விளக்கு. பேரிக்காய் போல ஒரு குண்டு, மாட்டு மணியின் நாக்கு. பூட்டை மட்டும் நான் சொன்னேன், பூட்டு என்று. அதை ஒத்துக்கொண்டாள்.

மிச்சம் ஒன்று. வளைந்த இரும்புப் பட்டை. ஒரு தேங்காய் நுழையும் அகலம். வெளிப்பக்கம் சுற்றிலும் விரல் நீளத்துக்கு முட்கள். இரண்டு முனையிலும் கயிறு கோக்கிற மாதிரி ஓட்டை.

"இது?" என்றேன்.

எடுத்துப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். "தெரியலையே" என்றாள்.

கிரீடமாக இருக்கும் என்று சொல்லித் தலையில் வைத்துக் காட்டினேன். சிரிப்பாள் என்று பார்த்தால், "கீழ வைங்க, குத்திடப் போகுது" என்று அதட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மார்ச் 11, செவ்வாய்

காயலான் கடைக்காரரிடம் காட்டினோம். இவளும் கூட வந்தாள். அவர் ஒரே பார்வையில், "நாய்ப்பட்டை சார். ஓநாய் கழுத்தைக் கடிக்காம இருக்கப் போடறது. நூறு வருஷப் பழசு. எனக்கே குடுத்துடுங்களேன்" என்றார்.

நூறு வருஷப் பழசை எடைக்குக் கேட்டார். மேலும், தேங்காய் நுழைகிற அகலத்தில் எந்த ஓநாய்க்குப் பயப்படுகிற நாய் இருந்தது? நாய்க்குட்டிக்குப் போடலாம். பட்டையைக் கண்டால் நாயைக் காணோம். நிராகரித்தேன்.

மார்ச் 12, புதன்

வெல்டிங் பட்டறை. "மிஷின் பார்ட். பல் சக்கரம் உடைஞ்சது. வேணும்னா ஒட்ட வச்சுத் தரட்டுமா?" அவருக்கு எதைப் பார்த்தாலும் ஒட்ட வேண்டும்.

வரும் வழியில் பல் டாக்டரிடம் இவளுக்குக் கடைவாய்ப் பல் பார்க்க வேண்டியிருந்தது. பையில் இருந்ததை அவருக்கும் காட்டினேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, தாடை விரிக்கிற கருவியாக இருக்கலாம் என்றார். இரும்புக்கடைக்காரனுக்கு எடை, வெல்டருக்குப் பற்றவைப்பு, டாக்டருக்குத் தாடை. அவரவர் பிழைப்பு அவரவர் கண்ணில்.

திரும்பும்போது பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜூஸ் குடித்தோம். கடைசியாக நாங்கள் இரண்டு பேரும் வெளியே உட்கார்ந்து ஜூஸ் குடித்தது எப்போது? எனக்கும் நினைவில்லை, அவளுக்கும் இல்லை. ஒருவேளை குடித்ததே இல்லையோ என்று அவள் சொன்னபோது இருவரும் சிரித்துவிட்டோம்.

மார்ச் 14, வெள்ளி

பில்டரின் போன். எடுக்கவில்லை. இரும்பில் துரு நீக்கிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 17, திங்கள்

மியூசியத்துக்குப் போனோம். திங்கட்கிழமை விடுமுறையாம். யாரும் சொல்லவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, கொண்டுபோன சாப்பாட்டைத் தின்றுவிட்டு வந்தோம். வீண் அலைச்சல் என்று இவள் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மார்ச் 18, செவ்வாய்

மறுபடி மியூசியம். காப்பாளர் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு வாங்கினார். சின்ன வயசுக்காரர், பேச்சில் பெரிய வார்த்தைகள். "தண்டனைக் கருவி மாதிரி இருக்கு. கைதியோட தலையில மாட்டி இறுக்கறது. அபூர்வமான பொருள்."

"முள்ளு வெளிப்பக்கமால்ல இருக்கு? கைதிக்கு எப்படிக் குத்தும்? இறுக்கறவன் கையைத்தான் குத்தும்" என்றேன்.

காப்பாளர் கையுறையைக் கழற்றிவிட்டார். வெளியே வந்ததும் இவள், "நல்லாத்தான் கேட்டீங்க" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து நான் வாங்கிய பாராட்டுகளில் இது தேறும்.

சாயந்திரம் மகன் போன். "அப்பா, ஒரு துருப்பிடிச்ச இரும்புக்காக டீலையே நிறுத்தி வச்சிருக்கீங்களாமே? பில்டர் என்கிட்ட அழறார்."

"உங்க அம்மாதான்டா..."

"அம்மாவைக் கேட்டா உங்களைச் சொல்றாங்க. 'அப்பா வேலை முடியட்டும், பாவம், ஆசையா பண்றார்'னு."

பாவமாம். யார் பாவம்? கையெழுத்து வாங்குவதற்காகத்தானே நான் வெயிலில் அலைகிறேன்! வீட்டில் என் பெயர்ப் பலகையைத் தொங்கவிட ஒரு கதவு வேண்டும் என்பதற்காகத்தானே?

மார்ச் 22, சனி

ஊர் உலகத்தையெல்லாம் கேட்டேன், இவளுடைய அண்ணனைக் கேட்க மறந்துவிட்டேன். வீட்டைத் தங்கைக்கு விட்டுக்கொடுத்துவிட்டு மகளோடு தொலைதூரத்தில் இருக்கிறார். போட்டோ எடுத்து அனுப்பினேன். அனுப்பிக் காப்பி குடித்து முடிப்பதற்குள் போன் வந்தது. மச்சானுக்குச் சிரிப்பில் பேச்சே வரவில்லை.

"மாப்ள, இது எங்கருந்து கிடைச்சுது உங்களுக்கு? இது கன்னுக்குட்டி முள்பட்டைல்ல!"

"அப்படின்னா?"

"கன்னுக்குட்டி மூக்கு மேல கட்டிவிடறது. பால் குடிக்கப் போனா முள்ளு மடியில குத்தும். தாய் மாடு எட்டி உதைச்சுடும். கன்னு பாலை மறந்துடும், பால் நமக்கு. அந்தக் காலத்துல எல்லா வீட்லயும் உண்டு."

"இதைத் தேடி நாங்க மியூசியம் வரைக்கும் போனோம் மச்சான்."

"மியூசியமா? எதுக்கு? பக்கத்துல இருக்கறவளைக் கேட்டா சொல்லிட்டுப் போறா. பொதைச்சதே அவதானே!"

அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார். இவளுக்கு அப்போது ஒன்பது வயசாம். கன்றுக்குட்டி பால் குடிக்கப் போவதும் தாய் உதைப்பதும் அது மறுபடி போவதுமாக இருந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தாளாம். அழவில்லை, யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் பட்டையைக் காணோம். மாமனார் தோலை உரித்துவிடுவேன் என்று பிரம்பை எடுத்தாராம்.

"அடி விழுந்துச்சு மாப்ள. வாயைத் திறக்கலையே! கொட்டகைப் பக்கம் கையெல்லாம் மண்ணோட நின்னதை நான் பாத்தேன், அதனால எனக்குத் தெரியும். வேற பட்டை செய்ய அப்பாவுக்கும் மனசு வரல போல. அந்தத் தடவை எங்க வீட்ல யாருக்கும் காப்பிக்குப் பால் கிடையாது. கன்னு மட்டும் குதிரை மாதிரி இருந்துச்சு."

போனை வைத்தபோது இவள் கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "யாரு, அண்ணனா? என்ன சொல்றார்?"

"உன்னை விசாரிச்சார்" என்றேன்.

மார்ச் 23, ஞாயிறு

காலையிலிருந்து கோபம். யார்மேல் என்று இன்னும் முடிவாகவில்லை.

முப்பத்து நாலு வருஷம் அடுத்தவன் பொய்யைக் கண்டுபிடித்தே சோறு தின்றவன் நான். லாடம் தெரிகிறது, கொழு தெரிகிறது, கடையாணி தெரிகிறது, இது மட்டும் தெரியவில்லையா என்று ஒரு கத்துக்குட்டி சர்வேயர்கூடக் கேட்டிருப்பான். நான் தலையில் வைத்துக் கிரீடம் காட்டிக்கொண்டிருந்தேன்.

ஏன், வீட்டை இடிக்க வேண்டாம்னா வேண்டாம்னு சொல்ல வேண்டியதுதானே? நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்? வீடு உன் பேர்ல இருக்கு, பேனா உன் கையில இருக்கு. ஒரு வார்த்தை. அதுக்கு எதுக்கு இத்தனை நாடகம்? மனுஷனை ஊர் ஊரா அலைய விட்டு—

சரி. எழுதி ஆறிவிட்டது. இப்போது யோசித்தால், இவள் 'வேண்டாம்' என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. மகனை விடுதிப் பள்ளியில் சேர்க்கலாம் என்றேன். "நல்லதுதான்." கொட்டகையை இடித்துவிடலாம் என்றேன். "நல்லதுதான்." அந்த 'தான்' என்பதில் என்ன இருந்தது என்று நான் ஒருநாளும் தோண்டிப் பார்க்கவில்லை. சம்மதம் என்று எழுதிக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். இவள் மறுப்பெல்லாம் அப்போதும் மண்ணுக்கு அடியில்தான் இருந்திருக்கிறது, ஒன்பது வயசிலிருந்து.

இதில் கொடுமை என்னவென்றால், இவள் வாக்குத் தவற மாட்டாள். நாளைக் காலையில் நான் 'கன்றுக்குட்டி முள்பட்டை' என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். வாயைத் திறக்காமல் கையெழுத்துப் போட்டுவிடுவாள். லிஃப்ட், ஒழுகாத கூரை, என் பெயர் போட்ட கதவு எல்லாம் அந்த இரண்டு வார்த்தையில் இருக்கிறது.

பீரோவைத் திறந்து பலகையைப் பார்த்தேன். இன்னும் பளபளவென்றுதான் இருக்கிறது. சனியன்.

மார்ச் 24, திங்கள்

சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம்.

மார்ச் 25, செவ்வாய்

நாளைக்கு.

மார்ச் 27, வியாழன்

பில்டர் பொறுமை இழந்து தன் பெரியப்பாவோடு வந்துவிட்டார். பெரியப்பா, ஓய்வு பெற்ற கால்நடை டாக்டர்.

இவள்தான் பட்டையைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். ஒளித்து வைத்திருக்கலாம், தொலைந்துவிட்டது என்றிருக்கலாம். அதுவெல்லாம் இவளுக்கு வராது. பெரியப்பா கையில் எடுத்ததும், "அட, இதுவா! கன்னுக்குட்டி மூக்குல கட்டற முள்பட்டைப்பா" என்று மச்சான் சொன்னதையே வரி பிசகாமல் சொன்னார்.

பில்டர் பெருமூச்சு விட்டார். "அப்பாடா! கேஸ் முடிஞ்சுதும்மா. இந்தாங்க பேனா."

இவள் பெரியப்பாவைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. கொல்லைப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். "சரி" என்றாள். கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினாள். மூடியையும் கழற்றிவிட்டாள்.

"ஒரு நிமிஷம்" என்று யாரோ சொன்னார்கள். பார்த்தால் நான்தான்.

அளவு நாடாவை எடுத்து வந்தேன். பட்டையின் உள்ளளவை எடுத்தேன், முள்ளின் நீளத்தை எடுத்தேன், உதட்டைப் பிதுக்கினேன். கிடங்கு முதலாளிகளை நடுங்க வைத்த பிதுக்கல் அது. "சார், மன்னிக்கணும். அளவு பொருந்தலையே. கன்னுக்குட்டி மூக்குக்கு இது ரெண்டு அங்குலம் பெருசு."

"வளைஞ்சிருக்கும் சார், மண்ணுக்குள்ள கிடந்ததுதானே" என்றார் பெரியப்பா.

"இருக்கும்னா எழுத முடியாதே. இதுதான்னு உறுதியா சொல்றீங்களா?"

"உறுதியாத்தான் சொல்றேன்."

"ரொம்ப சந்தோஷம்." ஒரு வெள்ளைத் தாளை அவர் முன்னால் வைத்தேன். "பொருள் இன்னதுதான்னு எழுதி, பின்னாடி வேற ஒண்ணுன்னு தெரிஞ்சா வர்ற நஷ்டத்துக்கு நானே பொறுப்புன்னு ஒரு வரி போட்டு, கீழ கையெழுத்து. எங்க ஆபீஸ் வழக்கம், தப்பா நினைக்காதீங்க."

முப்பத்து நாலு வருஷத்தில் இந்த வரியைப் பார்த்துப் பின்வாங்காத நிபுணர் ஒருவரையும் நான் கண்டதில்லை. பெரியப்பா தாளைப் பார்த்தார், பில்டரைப் பார்த்தார். "எழுத்துலயெல்லாம் எதுக்குப்பா? நான் சும்மா டீ குடிக்கலாம்னு வந்தேன். இது நாய்ப்பட்டையாக்கூட இருக்கலாம்" என்றார்.

"அப்ப பேர் தெரியல" என்றேன் இவளிடம். "ஃபைலை மூட முடியாது."

இவள் பேனாவின் மூடியைத் திருகி மூடினாள். அவசரப்படாமல், மரை சரியாக உட்கார்ந்ததா என்று பார்த்து மூடினாள். பிறகு எல்லாருக்கும் டீ போடப் போனாள். கையெழுத்து வாங்க வந்த இடத்தில் யாருமே கையெழுத்துப் போடாமல் டீ குடித்தோம்.

என் பணிக்காலத்தில் ஒரு பொய் அறிக்கை கொடுத்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகு முதல் அறிக்கை. அதுவும் தவறு என்று தெரிந்தே.

அவர்கள் போனபின் இவள் கோப்பைகளை எடுத்துக்கொண்டே கேட்டாள். "ரெண்டு அங்குலமா வித்தியாசம்?"

"ரெண்டு, ரெண்டே கால்."

"நல்லா அளந்தீங்களா?"

"நாடா என் கையிலதானே இருந்துச்சு?"

கோப்பைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினாள். பிறகு, "அண்ணன் அன்னிக்கு என்னை விசாரிச்சார்னு சொன்னீங்களே, வேற ஒண்ணும் சொல்லலையா?" என்றாள்.

"நீ நல்லா இருக்கியான்னு கேட்டார்."

"என்ன சொன்னீங்க?"

"தெரியல, விசாரிச்சுச் சொல்றேன்னேன்."

கோப்பைகளை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். கண் சிவந்திருந்தது. சோப்பு என்றாள். எழுதிக்கொண்டேன்: சோப்பு.

மார்ச் 31, திங்கள்

பில்டர் இரண்டு தெரு தள்ளி வேறு இடம் பார்த்துவிட்டாராம். பலகையைத் திருப்பித் தர வேண்டுமா என்று போனில் கேட்டேன். "வச்சுக்கங்க சார், உங்க பேரை நான் வேற யாருக்குப் போடறது?" என்றார். மரியாதையான மனிதர்.

மகனுக்குக் கோபம். "அந்த இரும்பு என்னதான்ப்பா அது?" என்றான். விசாரணையில் இருக்கிறது என்றேன்.

ஏப்ரல் 5, சனி

கூரைக்கு ஆள் வந்து ஓடு மாற்றுகிறார்கள். என் முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. அதற்கு ஓடு மாற்ற முடியாது.

கடைக்குப் போய்விட்டு வந்தால் கேட்டை ஒட்டிய சுவரில் பளபளவென்று என்னமோ. என் பெயர், கீழே 'மூன்றாம் தளம்'. ஸ்டூல் போட்டு ஏறி, அந்தப் பழைய கடையாணியையே அடித்து மாட்டியிருக்கிறாள். சுவரில் கொஞ்சம் காரை பெயர்ந்திருக்கிறது, பலகையும் கோணல். நேராக்கலாமா என்று பார்த்தேன். வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

தபால்காரர் சைக்கிளை நிறுத்தி வாய்விட்டுப் படித்தார். ஓட்டு வீட்டை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார். "சார், மூணாவது மாடி எங்க இருக்கு?"

"வந்துட்டிருக்கு" என்றேன்.

சார் என்றார். குறித்துக்கொள்ள வேண்டிய விஷயம்.

ஏப்ரல் 13, ஞாயிறு

மற்ற இரண்டு குழிகளையும் மூடியாகிவிட்டது. மேற்கு மூலைக் குழியை இன்று இவளே நின்று மூடவைத்தாள். மூடுவதற்கு முன் முள்பட்டையைத் தேடினேன், அலமாரியில் இல்லை. நான் கேட்கவில்லை. அவள் கையெல்லாம் மண்ணாக இருந்தது.

மாலையில் நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது எதிரில் வந்து நின்றாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மண் பூசிய ஒரு பொருளை மேஜைமேல் வைத்தாள்.

"குழியை மூடும்போது கிடைச்சுது. என்னவா இருக்கும்?"

எடுத்துப் பார்த்தேன். போன வருஷம் நான் கீழே போட்டு உடைத்த குக்கரின் கைப்பிடி. அடியில் கம்பெனி பெயர்கூட அழியவில்லை. மண் ஈரம் காயாமல் இருந்தது, இப்போதுதான் பூசியது.

பூதக்கண்ணாடியை எடுத்துவரச் சொன்னேன். எடுத்து வந்தாள். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நாடாவால் நீளம் எடுத்தேன், அகலம் எடுத்தேன். உதட்டைப் பிதுக்கினேன்.

"சொல்றது கஷ்டம்" என்றேன். "பழசு. நாலு இடத்துல விசாரிக்கணும்."

"நாளாகுமோ?"

"ஆகும்."

"மியூசியத்துல காட்டணுமோ?"

"காட்டாம எப்படி?"

செவ்வாய்க்கிழமை போவதென்று முடிவாகியிருக்கிறது. ஜூஸ் கடை வழியாக.